தெரியாதவர் மெயிலைத் திறக்காமல் மலையில் தொழில் நடக்காது: தூண்டில் மெயிலைக் கண்டுபிடிப்பதும் புகார் கொடுப்பதும்

"முன்பின் தெரியாதவர் அனுப்பிய மெயிலைத் திறக்காதீர்கள்" என்பதுதான் இணைய மோசடி பற்றி நமக்கு முதலில் சொல்லித் தரும் பாடம். கோத்தகிரியில் மூன்று அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறவருக்கு இந்தப் பாடம் உதவாது. அவருக்கு வரும் மெயிலில் முக்கால்வாசி முன்பின் தெரியாதவர்களிடமிருந்துதான் வரும், வந்தால்தான் அறை நிறையும். குன்னூரிலிருந்து தேயிலையை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர், பூம்பாறை மலைப்பூண்டை வெளியூருக்கு கூரியரில் போடுகிறவர், வட்டக்கானலில் தங்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை பார்த்துக் கொடுக்கிறவர் என்று மலையில் யாரை எடுத்தாலும் இதே நிலைதான். எனவே எந்த மெயிலைத் திறக்கலாம் என்ற கேள்வியை விட்டுவிட்டு, திறந்த மெயிலை எப்படிப் படிப்பது என்று கற்றுக்கொள்வதே நமக்குப் பயன்படும். அதோடு, மாட்டிக்கொண்டால் யாரிடம் எவ்வளவு சீக்கிரம் சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டையும் அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## தூண்டில் மெயில் என்பது என்ன

ஆங்கிலத்தில் ஃபிஷிங் என்கிறார்கள். மீன்பிடிப்பதைக் குறிக்கும் சொல்லில் ஓர் எழுத்தை மாற்றி வைத்த பெயர் இது, 1990-களின் நடுவிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. தமிழில் மின்தூண்டில் என்று எழுதுகிறவர்களும் உண்டு. இங்கே தூண்டில் மெயில் என்றே வைத்துக்கொள்ளலாம்.

நீலகிரிக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். அவலாஞ்சிப் பக்கம் டிரவுட் மீனுக்குத் தூண்டில் போடப் பழகியவர்கள் இறகையும் நூலையும் கொக்கியில் சுற்றி, தண்ணீர்மேல் வந்து உட்காரும் பூச்சி மாதிரியே ஒன்றைச் செய்துகொள்வார்கள். அந்த மீன் தினமும் தின்னும் பூச்சி எதுவோ அதன் சாயலில்தான் அது இருக்கும். தூண்டில் மெயிலும் இப்படித்தான் வேலை செய்கிறது: விடுதிக்காரருக்கு புக்கிங் மெயிலாக வரும், ஏற்றுமதியாளருக்கு இன்வாய்ஸாக வரும், ஓய்வூதியக்காரருக்கு பென்ஷன் நிறுத்த அறிவிப்பாக வரும். நமக்கு வழக்கமாக வருவது போலவே இருக்கிறது என்பதை வைத்து அதை நம்பிவிடக் கூடாது.

இப்படி மெயில் அனுப்புகிறவருக்கு வேண்டியது மூன்றில் ஒன்று:

1. உங்கள் பாஸ்வேர்டு, ஓடிபி, கார்டு எண் போன்ற ரகசியம். அதற்குப் போலியான லாகின் பக்கம் ஒன்றைக் காட்டுவார்.
2. நேரடியாகப் பணம். "கட்டணம் கட்டுங்கள்", "இந்தப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள்" என்று வரும்.
3. உங்கள் கணினியிலோ போனிலோ ஒரு திருட்டு மென்பொருளை ஏற்றுவது. இணைப்பாகவோ, நீங்களே ஓட்டும்படியான ஒரு கட்டளையாகவோ வரும்.

பொதுவாக லட்சம் பேருக்கு ஒரே மெயிலை வீசுவது ஒரு வகை. உங்கள் பெயர், தொழில், யாரோடு வியாபாரம் என்பதெல்லாம் தெரிந்துகொண்டு உங்களுக்கென்றே எழுதி அனுப்புவது இன்னொரு வகை. இரண்டாவதுதான் அதிகம் பயப்பட வேண்டியது.

## அனுப்பியவர் பெயரை ஏன் நம்ப முடியாது

மெயிலை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகும் விதிமுறைக்கு எஸ்எம்டிபி என்று பெயர். 1982-இல் அது வகுக்கப்பட்டபோது, அனுப்புகிறவர் உண்மையில் அவர்தானா என்று சோதிக்க அதில் எந்த ஏற்பாடும் இல்லை. இன்லேண்ட் லெட்டரில் 'அனுப்புநர்' என்ற இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் இல்லையா, தபால்காரர் அதைச் சரிபார்ப்பதில்லை. மெயிலும் அதே மாதிரிதான் பிறந்தது.

இதில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மெயிலின் மேலே தடித்த எழுத்தில் தெரிவது காட்டும் பெயர். அதை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். 'ஊட்டி வர்க்கி' என்று போர்டு மாட்டிய கடையை மேட்டுப்பாளையத்திலும் பார்க்கலாம், கோயம்புத்தூரிலும் பார்க்கலாம், அந்த வர்க்கி எந்த ஊர் அடுப்பில் வெந்தது என்று போர்டு சொல்லாது. பெயருக்குப் பின்னால் இருக்கும் முழு மெயில் முகவரிதான் இரண்டாவது விஷயம். போனில் ஜிமெயில் செயலி பெயரை மட்டும் காட்டி முகவரியை மறைத்துவிடும்; பெயருக்குக் கீழே உள்ள சிறிய அம்புக்குறியைத் தொட்டால் முழு முகவரி வெளியே வரும். நம்மில் பெரும்பாலானோர் மெயிலை போனில்தான் பார்க்கிறோம் என்பதால் இந்த ஒரு தொடுகையைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

முகவரியையும் பொய்யாகப் போடலாமே என்று கேட்கலாம். போடலாம், ஆனால் இப்போது முன்பைவிடக் கடினம். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று சோதனைகள் பின்னால் வந்தன. எஸ்பிஎஃப் என்பது "எங்கள் பெயரில் மெயில் அனுப்ப இந்தச் சர்வர்களுக்கு மட்டுமே அனுமதி" என்று ஒரு நிறுவனம் வெளியிடும் பட்டியல். டிகேஐஎம் என்பது மெயிலில் போடப்படும் டிஜிட்டல் முத்திரை. இந்த இரண்டின் முடிவும் மேலே தெரியும் முகவரியோடு ஒத்துப்போகாவிட்டால் மெயிலை என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் மெயில் அனுப்புகிறவர்கள் மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் கட்டாயமாக்கியது, யாஹூவும் பெரிய அளவில் அனுப்புகிறவர்களுக்கு அதே மாதிரி விதி கொண்டுவந்தது.

கணினியில் ஜிமெயிலைத் திறந்து, மெயிலின் வலது மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு 'ஷோ ஒரிஜினல்' கொடுத்தால் இந்த மூன்றும் பாஸா ஃபெயிலா என்று தெரியும். ஃபெயில் என்றால் சந்தேகப்படலாம். ஆனால் பாஸ் என்றால் நம்பிவிடலாம் என்று அர்த்தமில்லை, இதைத்தான் நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மோசடிக்காரர் நூறு இருநூறு ரூபாய்க்குத் தானே ஒரு முகவரி வாங்கி, அதற்கு முறையாக மூன்று சோதனையும் அமைத்து, அதிலிருந்து அனுப்பினால் எல்லாமே பாஸ்தான். மெயில் அந்த முகவரியிலிருந்து வந்தது உண்மை என்று மட்டுமே பாஸ் சொல்கிறது. அந்த முகவரி யாருடையது என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

## இணைய முகவரியை வலப்பக்கத்திலிருந்து படியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். தபால் முகவரியில் கதவு எண், தெரு, ஊர், மாவட்டம் என்று போகும். ஒரு தெருவுக்கு 'சென்னைத் தெரு' என்று பெயர் இருக்கலாம், கடைசியில் நீலகிரி என்று இருந்தால் அது நீலகிரிதான். இணைய முகவரியும் அப்படியே. இரட்டைச் சாய்கோடு தாண்டி, அடுத்த ஒற்றைச் சாய்கோடு வரை இருக்கும் பகுதியை எடுத்து, அதன் வலது ஓரத்திலிருந்து இடப்பக்கமாகப் படிக்க வேண்டும்.

'வங்கிபெயர்.பேங்க்.இன்' என்றால் சரி. 'வங்கிபெயர்.பேங்க்.இன்.லாகின்-செக்.காம்' என்றால்? இடப்பக்கத்தில் வங்கி பெயர் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் சொந்தக்காரர் 'லாகின்-செக்.காம்'. வங்கி பெயர் அங்கே வெறும் தெருப் பெயர் மாதிரிதான். போனில் திரை சிறியது, நீளமான முகவரி முழுதாகத் தெரியாமல் போகலாம் என்பதால் முகவரிப் பட்டையைத் தொட்டு கடைசி வரை தள்ளிப் பார்க்க வேண்டும். மெயிலில் உள்ள லிங்க்கைத் திறக்காமலேயே பார்க்க, போனில் அதன்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் போதும். கணினியில் சுட்டியை மேலே கொண்டுபோய் நிறுத்தினால் ஓரத்தில் முகவரி தெரியும்.

வங்கி விஷயத்தில் சமீபத்தில் நல்ல மாற்றம் ஒன்று வந்திருக்கிறது. எல்லா வங்கிகளும் தங்கள் இணையதளத்தை 'பேங்க்.இன்' என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த முடிவு கொண்ட முகவரியை வங்கிகளுக்கு மட்டுமே கொடுப்பார்கள், கண்டவர் வாங்க முடியாது. அரசுத் தளங்களுக்கு 'ஜிஓவி.இன்' அல்லது 'நிக்.இன்' என்று முடிவதும் இதே போல.

அப்புறம் எழுத்து மயக்கம். ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டி எழுதினால் எம் போலத் தெரியும். சிறிய எல் எழுத்தும் ஒன்று என்ற எண்ணும் பல எழுத்துருக்களில் ஒரே மாதிரி. ஓ எழுத்துக்குப் பதில் பூஜ்யம். இதைக் கண்ணால் கண்டுபிடிப்பதைவிட, முகவரியை நீங்களே தட்டச்சு செய்வது அல்லது முன்பு சேமித்த புக்மார்க்கிலிருந்து போவது பத்திரம்.

பூட்டுப் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு இருந்தால் நம்பலாம் என்று பத்து வருடம் முன்னால் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பூட்டு, நீங்கள் அனுப்பும் தகவலை நடுவழியில் யாரும் படிக்க முடியாது என்பதை மட்டும் சொல்கிறது. மறுமுனையில் இருப்பவர் திருடரா நல்லவரா என்று சொல்லாது. போலித் தளங்களுக்கும் அது இலவசமாகவே கிடைக்கும். இந்தக் குழப்பத்தால்தான் 2023-இல் குரோம் உலாவியே பூட்டுப் படத்தை எடுத்துவிட்டது.

## இ-பாஸ்: 'ஜிஓவி.இன்' சூத்திரம் உதவாத இடம்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. அப்போது அரசு அறிவித்த முகவரி தமிழ்நாடு மின்னாளுமை முகமையுடையது, அது 'ஆர்க்' என்று முடிந்தது. 'ஜிஓவி.இன்' இருந்தால்தான் அரசுத் தளம் என்று படித்தவர்களுக்கு உண்மையான தளமே சந்தேகமாகத் தெரிந்திருக்கும். 'ஆர்க்' என்றாலும் அரசுதான் என்று பழகிக்கொண்டவர்களோ இனி எந்த 'ஆர்க்' முகவரியையும் நம்பக்கூடும். இரண்டுமே ஆபத்து. இதற்கு ஒரே வழி, முகவரியை மெயிலிலிருந்தோ வாட்ஸ்அப் ஃபார்வர்டிலிருந்தோ எடுக்காமல், மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்திலிருந்தோ அரசின் அறிவிப்பிலிருந்தோ எடுப்பது.

2025 மார்ச்சில் நீதிமன்றம் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. வரம்பு என்று ஒன்று வந்துவிட்டாலே "இடம் கிடைக்காமல் போய்விடுமோ" என்ற பதற்றமும் கூடவே வரும். தூண்டில் போடுகிறவருக்கு வேண்டியது அந்தப் பதற்றம்தான். "உங்கள் இ-பாஸ் ரத்தாகிவிட்டது, இந்த லிங்க்கில் கட்டணம் செலுத்திப் புதுப்பியுங்கள்" என்று ஒரு மெயில் வந்தால் எப்படிப் படிப்பது?

1. இ-பாஸுக்குக் கட்டணமே கிடையாது. பணம் கேட்ட இடத்திலேயே விஷயம் முடிந்துவிட்டது.
2. இ-பாஸ் தொடங்கியபோது சொன்னது, உள்நாட்டுக்காரர்கள் செல்போன் எண்ணை வைத்தும் வெளிநாட்டுக்காரர்கள் மெயிலை வைத்தும் பதிவு செய்யலாம் என்பது. நீங்கள் போன் எண்ணில் பதிந்திருந்தால், மெயிலில் ரத்து அறிவிப்பு வருவதே பொருந்தவில்லை.
3. நீலகிரிப் பதிவு கொண்ட டிஎன் 43 வண்டிகளுக்கு உள்ளூர் வண்டி என்பதால் இ-பாஸ் தேவையில்லை. ஊட்டிக்காரருக்கே "உங்கள் இ-பாஸ் காலாவதி" என்று வந்தால், அனுப்பியவருக்கு உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது.

விடுதி நடத்துகிறவர்கள் அறையை உறுதி செய்யும் மெயிலிலேயே சரியான இ-பாஸ் முகவரியையும், அது இலவசம் என்பதையும் சேர்த்து எழுதிவிட்டால் எத்தனையோ விருந்தினர்கள் தப்பிப்பார்கள்.

## விடுதிக்காரர்களைக் குறிவைக்கும் மெயில்

2025 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவு ஒரு மோசடியை விவரித்து எழுதியது. 2024 டிசம்பரில் தொடங்கி, அறை முன்பதிவு செய்யும் தளமான புக்கிங் டாட் காம் பெயரில் விடுதிகளுக்குத் தூண்டில் மெயில் போய்க்கொண்டிருந்தது. குறிவைத்த பகுதிகளில் தெற்காசியாவும் ஒன்று. இதன் நுணுக்கம் நம் ஊர் விடுதிக்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது என்பதால் படிப்படியாகச் சொல்கிறேன்.

1. மெயில் வரும். தங்கிப் போன ஒருவர் மோசமான விமர்சனம் எழுதியிருக்கிறார், அல்லது ஒருவர் அறை கேட்கிறார், அல்லது உங்கள் கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்றிருக்கும். உள்ளே லிங்க் இருக்கும், அல்லது லிங்க் கொண்ட பிடிஎஃப்.
2. லிங்க்கைத் திறந்தால் பழக்கமான தளம் போலவே ஒரு பக்கம், அதன்மேல் "நீங்கள் மனிதர்தான் என்று நிரூபியுங்கள்" என்ற பெட்டி.
3. அந்தப் பெட்டி படத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாது. விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்துங்கள், பிறகு கண்ட்ரோல் வி, பிறகு என்டர் என்று சொல்லும்.
4. அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாமல் ஒரு கட்டளையை ஏற்கெனவே காப்பி செய்து வைத்திருக்கும். நீங்கள் அந்த விசைகளை அழுத்தியதும் அதை உங்கள் கையாலேயே ஓட்டிவிடுகிறீர்கள். பாஸ்வேர்டு திருடும் மென்பொருள் இறங்கிவிடும்.

நீங்களே ஓட்டிய கட்டளை என்பதால் வைரஸ் தடுப்பு மென்பொருள் கண்ணில் படாமல் போகவும் வாய்ப்பு உண்டு. எந்த நிஜமான இணையதளமும் மனிதரா என்று சோதிக்க விண்டோஸ் விசையை அழுத்தச் சொல்லாது, ஒருபோதும். ரிசப்ஷனில் உட்காரும் பையன்களுக்கு இதை ஒரு காகிதத்தில் எழுதி மானிட்டரில் ஒட்டிவைத்தாலும் தப்பில்லை.

இதற்குப் பிறகு நடப்பது இன்னும் மோசம். விடுதியின் புக்கிங் கணக்குக்குள் நுழைந்தவருக்கு, அடுத்த மாதம் யார் யார் வரப்போகிறார்கள், எந்தத் தேதி, எவ்வளவு தொகை என்று எல்லாம் தெரியும். அங்கிருந்தே விருந்தினருக்குச் செய்தி போகும்: "உங்கள் கார்டைச் சரிபார்க்காவிட்டால் முன்பதிவு 12 மணி நேரத்தில் ரத்தாகும், இந்த லிங்க்கில் போங்கள்." விருந்தினர் பக்கம் பார்த்தால் செய்தி உண்மையான செயலிக்குள், உண்மையான விடுதி பெயரில், சரியான தேதியோடு வந்திருக்கிறது. அவர் எப்படிச் சந்தேகப்படுவார்? பணம் போனது விருந்தினருக்கு, பெயர் கெட்டது விடுதிக்கு. மூன்று அறை வைத்திருப்பவருக்கு ஒரு சீசன் விமர்சனம் கெட்டால் அடுத்த சீசன் வரை எழுந்திருக்க முடியாது.

சீசனுக்கு மட்டும் வேலைக்கு வருகிறவர்களும் ஒரே பாஸ்வேர்டைப் பகிர்ந்துகொள்வது, அது ரிசப்ஷன் கணினியின் உலாவியிலேயே சேமித்திருப்பது, இரண்டும் நம் விடுதிகளில் சாதாரணம். ஆளுக்கொரு பயனர் கணக்கு போடுவதும், வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே மூடுவதும் செலவில்லாத பாதுகாப்பு. பாஸ்வேர்டோடு ஓடிபியும் கேட்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கட்டாயம் இருக்கட்டும், ஆனால் ஓடிபி இருப்பதால் பயமில்லை என்று இருந்துவிட வேண்டாம். போலிப் பக்கத்தில் நீங்கள் அடிக்கும் ஓடிபியை அதே நொடியில் உண்மையான தளத்தில் போட்டு உள்ளே நுழையும் கருவிகள் இருக்கின்றன. பாஸ்வேர்டுக்குப் பதிலாக விரல்ரேகையோ போன் பூட்டோ கொண்டு உள்ளே நுழையும் பாஸ்கீ எனப்படும் முறை இதைவிட மேல், அது உண்மையான இணைய முகவரியோடு கட்டப்பட்டிருப்பதால் போலித் தளத்தில் வேலையே செய்யாது. பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைத்து நிரப்பித் தரும் பாஸ்வேர்டு மேனேஜர் வைத்திருந்தால் அதுவும் போலி முகவரியில் தானாக நிரப்பாது. வழக்கமாக நிரப்புவது இன்று நிரப்பவில்லையே என்று தோன்றினால், கையால் அடிக்காமல் முகவரியைப் பாருங்கள்.

## "வங்கிக் கணக்கு மாறிவிட்டது"

குன்னூர் தேயிலை வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். இந்த மோசடியில் லிங்க்கும் இருக்காது, இணைப்பும் இருக்காது. யாரோ ஒருவரின் மெயில் பெட்டிக்குள் முன்பே நுழைந்துவிட்டவர், வாரக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் படித்துக்கொண்டே இருப்பார். எந்தச் சரக்கு எப்போது போகிறது, எவ்வளவு தொகை, யார் யாரை எப்படி அழைப்பார்கள் என்று கற்றுக்கொள்வார். இன்வாய்ஸ் போகும் நாளில், ஓர் எழுத்து மட்டும் மாறிய முகவரியிலிருந்து, அதே பாணியில், "தணிக்கை காரணமாக எங்கள் பழைய கணக்கு இயங்கவில்லை, இந்தப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள்" என்று வாங்குகிறவருக்கு எழுதுவார். வாங்குகிறவர் அனுப்பிவிடுவார், இங்கே பணம் வராது, இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுக்கொண்டு நிற்பார்கள்.

கணக்கு எண் மாறியதாக மெயில் வந்தால், பழைய எண்ணுக்கு போன் செய்து குரலைக் கேட்டுவிட்டுத்தான் பணம் அனுப்ப வேண்டும். அந்த மெயிலில் கொடுத்திருக்கும் போன் எண்ணுக்கு இல்லை, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு. "எங்கள் கணக்கு எண்ணை மெயிலில் ஒருபோதும் மாற்றமாட்டோம்" என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைப்பதும் நல்லது.

## ஓய்வூதியக்காரர்கள்

வெலிங்டனிலும் அருவங்காட்டிலும் ராணுவத்திலோ தொழிற்சாலையிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நிறைய. நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கும் காலத்தில் "சான்றிதழ் புதுப்பிக்கப்படவில்லை, பென்ஷன் நிற்கும்" என்ற மெயில் அவர்களைத்தான் குறிவைக்கும். டிஜிட்டல் சான்றிதழுக்கு உங்கள் ஓடிபியை இன்னொருவருக்குப் படித்துக்காட்ட வேண்டிய தேவையே இல்லை. வங்கிக்கோ தபால் நிலையத்துக்கோ நேரில் போய்க் கொடுக்கலாம், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் முக அடையாளச் செயலி வழியாக அவர்களே செய்து கொடுக்கலாம்.

## எழுத்துப் பிழையைத் தேடாதீர்கள்

முன்பு மோசடி மெயில் என்றால் மொழி தப்பும் தவறுமாக இருக்கும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்தபிறகு தமிழிலும் ஆங்கிலத்திலும் சுத்தமாக எழுதி வருகிறது, லோகோவும் அச்சு அசல். மெயில் உங்களை என்ன செய்யச் சொல்கிறது, எவ்வளவு அவசரப்படுத்துகிறது, யாரிடமும் கேட்கவிடாமல் தடுக்கிறதா என்று பாருங்கள். க்யூஆர் கோடு கொண்ட மெயிலில் இன்னும் கவனம் தேவை, முகவரி படத்துக்குள் ஒளிந்திருப்பதால் ஸ்பாம் வடிகட்டியும் தவறவிடலாம், நீங்களும் போனில் ஸ்கேன் செய்து திறந்துவிடுவீர்கள்.

## தொட்டுவிட்டேன், இப்போது என்ன

எவ்வளவு தூரம் போனது என்பதைப் பொறுத்தது.

1. மெயிலைத் திறந்து படித்தது மட்டும் என்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. லிங்க்கைத் திறந்து எதையும் அடிக்காமல், எதையும் இறக்காமல் மூடியிருந்தாலும் ஆபத்து குறைவு.
2. பாஸ்வேர்டு அடித்துவிட்டால், வேறொரு கருவியிலிருந்து உடனே மாற்றுங்கள், எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும்படி கொடுங்கள். அதே பாஸ்வேர்டு வேறு எங்கே இருக்கிறதோ அங்கேயும் மாற்றுங்கள். அப்புறம் மெயில் அமைப்புகளில் 'ஃபார்வர்டிங்', 'ஃபில்டர்' இரண்டையும் கட்டாயம் பாருங்கள். வரும் மெயிலின் நகல் தனக்கு வரும்படி ஒரு விதியை உள்ளே வைத்துவிட்டுப் போவது பழைய தந்திரம், பாஸ்வேர்டு மாற்றினாலும் அது அப்படியே இருக்கும். மீட்பு எண்ணும் மீட்பு மெயிலும் உங்களுடையதுதானா என்றும் பாருங்கள்.
3. விண்டோஸ் கட்டளையை ஓட்டிவிட்டாலோ இணைப்பைத் திறந்துவிட்டாலோ, முதலில் வைஃபையைத் துண்டியுங்கள். அந்தக் கணினியிலிருந்தே பாஸ்வேர்டு மாற்றாதீர்கள், புதியதும் திருட்டுப் போகும். தெரிந்தவர் ஒருவர் சுத்தம் செய்யும் வரை அதைத் தொட வேண்டாம்.
4. பணம் போயிருந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அடுத்த பகுதி.

## புகார்: எங்கே, எந்த வரிசையில்

பணம் போயிருந்தால் முதலில் 1930. இது தேசிய சைபர் குற்ற உதவி எண். அழைக்கும்போது உங்கள் வங்கிப் பெயர், கணக்கு எண், பரிவர்த்தனை எண், தொகை, நேரம் கையில் இருக்கட்டும். திருடிய பணம் ஒரு கணக்கில் நிற்காது, நான்கைந்து வாடகைக் கணக்குகளுக்குப் பிரிந்து ஏடிஎம்மில் வெளியே வந்துவிடும். நீங்கள் சொன்ன விவரம் வங்கிகளுக்கிடையே போய், பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கே முடக்குவதுதான் இந்த ஏற்பாடு, அதனால்தான் நிமிடக் கணக்கு. சிக்னல் இல்லாத எஸ்டேட் பக்கம் இருந்தால், சிக்னல் கிடைக்கும் வளைவு வரை போய் முதல் அழைப்பையே இதற்கு வையுங்கள். உங்கள் வங்கியின் எண்ணுக்கும் சொல்லி கார்டையும் கணக்கையும் நிறுத்திவையுங்கள். பிறகு 'சைபர்கிரைம்.ஜிஓவி.இன்' தளத்தில் முழுப் புகாரைப் பதிந்து, ஒப்புகை எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

சீக்கிரம் சொல்வதற்குச் சட்டரீதியாகவும் காரணம் உண்டு. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வேறெங்கோ ஓட்டை விழுந்து பணம் போயிருந்தால், வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. நான்கிலிருந்து ஏழு வேலை நாள் என்றால் ஓரளவு உங்கள் தலையில். தூண்டிலில் சிக்கி நீங்களே ஓடிபியைக் கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும் வரை போனது உங்கள் நஷ்டம், சொன்னபிறகு போவது வங்கியின் நஷ்டம். வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் சொல்லாமல் ஒரு ராத்திரி தள்ளிப்போடுவதற்கு என்ன விலை என்று இதிலிருந்து தெரியும். ஏமாந்தவர் குற்றவாளி கிடையாது. அடுத்தவர் அடையாளத்தைத் திருடுவதும் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதும்தான் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளில் மூன்று ஆண்டு வரை சிறை கிடைக்கும் குற்றங்கள்.

பணம் போகவில்லை, மெயில் மட்டும் வந்தது என்றாலும் புகார் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். பக்கத்து விடுதிக்காரருக்கும் அதே மெயில் போயிருக்கும்.

1. ஜிமெயிலில் கணினியில் மூன்று புள்ளிக்குள் 'ரிப்போர்ட் ஃபிஷிங்', போனில் குறைந்தது 'ரிப்போர்ட் ஸ்பாம்'. பலர் இதைச் செய்தால் மற்றவர்களுக்கு அந்த மெயில் உள்பெட்டிக்கே போகாது.
2. யார் பெயரைப் பயன்படுத்தினார்களோ அந்த வங்கிக்கோ தளத்துக்கோ, அவர்களின் அதிகாரபூர்வ உதவிப் பக்கம் வழியாக.
3. இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு. மெயில் முகவரி 'இன்சிடென்ட்@செர்ட்-இன்.ஆர்க்.இன்', ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். கட்டணமில்லா எண் 1800-11-4949.
4. மேலே சொன்ன சைபர் குற்றத் தளத்திலேயே சந்தேகத்துக்குரிய மெயில், இணைய முகவரி, போன் எண்ணைத் தெரிவிக்கும் பகுதியும் இருக்கிறது.

அனுப்பும்போது மெயிலை சாதாரணமாக ஃபார்வர்ட் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால், மெயில் எந்தச் சர்வர் வழியாக வந்தது என்ற தலைப்புத் தகவல் தொலைந்துபோய் உங்கள் முகவரிதான் மிஞ்சும். 'ஃபார்வர்ட் அஸ் அட்டாச்மென்ட்' கொடுக்க வேண்டும், அல்லது மெயிலைக் கோப்பாக இறக்கி இணைக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் கூடுதலாக இருக்கட்டும், அது மட்டும் போதாது. புகார் முடியும் வரை மூல மெயிலை அழிக்கவும் வேண்டாம்.

காவல்துறையில் நேரில் கொடுக்க வேண்டும் என்றால் மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையம் இருக்கிறது. கொடைக்கானல்காரர்களுக்கு அது திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. அவ்வளவு தூரம் இறங்கிப் போக முடியாவிட்டால் பக்கத்துக் காவல் நிலையத்திலேயே கொடுக்கலாம். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்க வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. இணையம் வழியாகவும் தகவல் கொடுக்கலாம், கொடுத்தால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒன்று விட்டுப்போகக் கூடாது. 1930 வழியாகப் பணம் முடக்கப்பட்டதாகச் செய்தி வந்தால், அது உங்கள் கணக்குக்குத் திரும்பிவிட்டது என்று அர்த்தமில்லை, யாரோ ஒருவரின் கணக்கில் அசையாமல் நிற்கிறது, அவ்வளவுதான். அதை உங்களிடம் ஒப்படைக்கச் சொல்லி, அதே சட்டத்தின் 503-ஆம் பிரிவின்கீழ் நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் மனு போடலாம். மனுவோடு ஒப்புகை எண், புகார் நகல், வங்கிக் கணக்கு அறிக்கை மூன்றையும் இணைக்க வேண்டியிருக்கும், எனவே முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.